பழந்தேசப்படமும் கண்டி மாநகரும்

வரலாறு கற்போர்க்குக் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் சான்றாதல் போலப் பழைய தேசப்படமும் சான்றாகும். கல்வெட்டைப் படித்தறிய ஒரு முறை இருத்தல் போலப் படத்தைப் படித்தறியவும் ஒரு முறை உண்டு. கணினியின் துணையால் இக்காலத்தில் எளிதாகியுள்ள அம்முறையைக் கண்டியையும் அதன் சூழலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

பழைய படமொன்றை ஒளிப்படமாக்கிக் கணினியில் ஏற்றினால் அது வெறும் ஓவியமே. அதிலுள்ள ஓரிடம் நிலத்தில் எவ்விடம் என்பதைக் கணினி அறியாது. படத்திலும் நிலத்திலும் ஐயமின்றி ஒன்றெனத் தெரியும் இடங்களைத் தேர்ந்து, அவற்றின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் நாமே அறிவித்தல் வேண்டும். இவ்விடங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்பர். படத்தைத் திருப்பி, ஒரே சீராக நீட்டிச் சுருக்குதற்கு மூன்று புள்ளிகள் போதும். வளைத்துப் பொருத்துதற்கு ஆறேனும் வேண்டும். கியூஜிஸ் என்னும் விலையில்லா மென்பொருள் இப்பணியைச் செய்யவல்லது.

எவ்விடங்களைப் புள்ளிகளாகக் கொள்வது? இங்கேதான் வரலாற்றறிவு வேண்டப்படுகின்றது. கண்டி என்றதும் யாவர்க்கும் ஏரி நினைவுக்கு வரும். ஆயின் அவ்வேரி, இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல் நிலத்தில் அமைப்பித்தது. அதற்கு முற்பட்ட படங்களில் அதனைத் தேடுதல் வீண். தலதா மாளிகைக்கு அணித்தாயுள்ள நாத தேவாலயமோ நகரின் மிகப் பழைய கட்டடமாகக் கருதப்படுவது. எனவே அதுவே நம்பத்தக்க புள்ளியாகும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு தேசப்படம் உண்டு. அது சங்கிலி கொண்டு அளந்து வரைந்ததன்று. அத்தகைய படத்தை வலிந்து பொருத்தினாலும் கணினி மறுப்பதில்லை. மூன்றே புள்ளிகள் கொடுப்பின் பிழை சுழியம் என்றே காட்டும். அது செம்மைக்குச் சான்றன்று. ஒப்புநோக்க நான்காம் புள்ளி இல்லை என்பதே அதன் பொருள். நொக்ஸின் படத்தை அவர் அறிந்த நாட்டின் சித்திரமாகக் கொள்வதே முறை.

1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களத்தார் பிற்காலத்தில் அளந்து வரைந்த, மைலுக்கு ஓரங்குலப் படங்கள் இவ்வாறானவையல்ல. அவை செவ்வனே பொருந்தும். ஆயினும் அளவைவலையைக் கவனித்தல் வேண்டும். பிதுருதலாகலை உச்சியின் கிழக்கெண் பழைய வலையில் 200,000 மீற்றர். 1999இன் வலையில் 500,000 மீற்றர். இரண்டையும் மயங்கக் கொண்டால் மலைநாடு கடலிற் சென்று விழும்!

இதனாலாய பயன் யாதெனின், பழைய தெல்தெனியா நகரை நோக்குக. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்துள் அந்நகர் மூழ்கியது. நீர் வற்றுங்காலத்து அதன் சிதைவுகள் வெளிப்படுதல் உண்டு. ஓரங்குலப் படத்தை, நீர் சூழாத மேட்டிலுள்ள புள்ளிகளை நாற்புறமும் கொண்டு பொருத்தினால், தெருவும் பாதையும் இருந்த இடம் நீர்ப்பரப்பின் மீது தோன்றும். அங்கு வாழ்ந்தோர்க்கு அது கோடுகளின் கூட்டமன்று, பிறந்த மண்.

இன்னும் ஒன்று. தோட்டங்கள் பலவற்றின் ஆங்கிலப் பெயர்களையே படங்கள் தாங்கியுள்ளன. அங்கு உழைத்த தமிழ் மக்கள் இட்டு வழங்கிய பெயர்களோ பெரும்பாலும் முதியோர் நாவிலேயே வாழ்கின்றன. பழம்படத்தைப் பொருத்தியபின் அப்பெயர்களை அவ்வவ்விடத்தே குறித்து வைத்தல் மாணவர்க்கு இயலாத பணியன்று. அம்முதியோர் நம்மிடையே உள்ளபோதே அதனைச் செய்தல் வேண்டும்.