உங்களுக்குத் தெரியுமா? குளோரின் வேண்டாத நீச்சல் குளம்!

● குளோரின் துளிகூடக் கலக்காமல் நீச்சல் குளத்து நீரைத் தெளிவாக வைத்திருக்கலாம். 1980-களில் ஆஸ்திரியாவின் வீட்டுத் தோட்டங்களில் பிறந்து, ஐரோப்பா முழுக்கப் பரவிய முறை இது.

● குளத்தில் ஏறத்தாழப் பாதி இடம் நீந்துவதற்கு. மீதி, ஆழம் குறைந்த சரளைக்கல் படுகை. அதில் நாணலும் கோரையும் வளரும். சரளையில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, வேர்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாசிக்குச் சத்து மிஞ்சாது.

● நீரைச் சுழற்றும் கருவியை வீட்டிலேயே செய்யலாம். சரளைக்கு அடியில் துளையிட்ட பிவிசி குழாய். அதோடு இணைத்து, செங்குத்தாக இன்னொரு குழாய். அதன் அடிமுனையில் காற்று பம்பின் டியூபைச் செருகினால், குமிழ் கலந்த நீர் எடை குறைந்து மேலேறும். அந்த இழுப்பில், படுகைக்குள் வடிகட்டிய நீர் நீந்தும் பகுதிக்கு வந்து சேரும். உயரத்துக்கு ஏற்ற இது உதவாது. நீர்மட்டத்திலேயே சுழற்றப் போதும். தண்ணீருக்குள் சுழலும் பாகம் ஏதும் இல்லாததால் தவளைக் குஞ்சுகள் அடிபடாது.

● மீன் மட்டும் விடக் கூடாது. அதன் கழிவு பாசிக்கு உரம். பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களையும் அது விழுங்கிவிடும்.

● அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், வெப்பர் பூங்காவில் 2015-ல் இத்தகைய பொதுக் குளம் திறக்கப்பட்டது.

கட்ட நினைப்பவர்கள் கவனத்துக்கு: காற்று பம்பை நீர்மட்டத்துக்கு மேலேயே வையுங்கள். இல்லாவிட்டால், கரண்ட் போனதும் குளத்து நீர் டியூப் வழியே பம்புக்குள் புகுந்துவிடும்.