சொல் வந்த வழி: காம்பவுண்டு

பெட்டாலிங் ஜெயாவில் வாடகைக்கு வீடு பார்ப்பவர் முதல் நாளே கேட்கும் சொல் இது. "காம்பவுண்ட் பெருசு, ரெண்டு காடி நிறுத்தலாம்" என்பார் தரகர். வெளியே வந்தால், சாலையோரம் நிறுத்திய காடியின் கண்ணாடியில் ஒரு தாள் செருகியிருக்கும். அதுவும் கம்பவுண்ட்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று. ஆனால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு சொற்கள் இவை.

அபராதத் தாளில் இருப்பது லத்தீன் வழி வந்தது. சேர்த்து வைத்தல் என்பது வேர்ப்பொருள். மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டரும், வங்கியில் ஏறும் கூட்டு வட்டியும் அதன் வம்சம். வழக்கை நீதிமன்றம்வரை இழுக்காமல் பணம் கட்டி முடித்துக்கொள்வதைச் சட்டத்தில் அந்த வினைச்சொல்லால் குறித்தார்கள். மலேசியாவில் அது அபராதத்துக்கே பெயராகிவிட்டது. 2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு, மீறியவர்களுக்கு 1,000 ரிங்கிட் விதித்தார்கள். மறு ஆண்டு உச்சவரம்பு 10,000 ஆனது. அப்போது இந்தச் சொல் புழங்காத வீடே இல்லை.

வீட்டைச் சுற்றியிருக்கும் காம்பவுண்டின் கதை வேறு, அதுதான் என்னை இழுக்கிறது. அதன் மூலம் 'கம்போங்' என்ற மலாய்ச் சொல். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இதை விரிவாக அலசுகிறது. அதைத் தொகுத்த இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சேறுமுன் 1882இல் மறைந்தார். மற்றவர் ஹென்றி யூல். வயல்வெளியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்திருக்குமோ என்ற கேள்வியையும் அந்நூல் எடைபோட்டு, மலாய் மூலத்தின் பக்கமே சாய்கிறது.

அதில் காட்டப்படும் பழைய சான்று 1679 ஏப்ரல் மாதத்தது. சென்னைக் கோட்டை அதிகாரிகள் கோதாவரி வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய குறிப்பு. அங்கே டச்சுக்காரர்களின் பண்டகசாலை, பெரிய காம்பவுண்டு, அதற்குள் 300க்கும் மேற்பட்ட சாடிகளை மண்ணில் புதைத்துத் துணிக்கு நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். மலாய்ச் சொல் தெலுங்கு நாட்டுக்கு எப்படிப் போனது? சென்னைக் கோட்டையே தொடக்கத்தில் ஜாவாத் தீவின் பாந்தாம் நிலையத்துக்குக் கீழ்தான் இருந்தது. கப்பல்களும் குமாஸ்தாக்களும் இங்கும் அங்கும் மாறிக்கொண்டிருந்த காலம். சரக்கோடு சொல்லும் கரையேறியது.

வந்த இடத்தில் பொருள் திரிந்தது. மலாய்க்காரருக்குக் கம்போங் என்றால் மனிதர்கள் கூடி வாழும் இடம். 'பெர்கம்போங்' என்றாலே ஒன்றுகூடுதல். வெள்ளைக்காரர் வாயில் அது வளைத்து அடைத்த நிலமாயிற்று. 1880களில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில், வைரம் திருடுவார்கள் என்று சொல்லிக் கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முழுக்க அடைத்துவைத்த கொட்டடிகளுக்கும் இதே பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பழியையும் இந்தச் சொல் சுமக்கிறது. மதுரையில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியது: ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் இடத்தை அங்கே காம்பவுண்டு என்கிறார்கள்.

பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். கம்போங் மேடான், கம்போங் லிண்டுங்கான் என்று பழைய பெயர்கள் இன்றும் இருக்கின்றன. மலேசியத் தமிழரோ கம்போங்கை நேராகவே எடுத்துக் 'கம்பம்' ஆக்கிக்கொண்டார்கள். கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி என்று அதற்குச் சாரியை போட்டுத் தமிழாகவே புழங்குகிறார்கள். ஆக, ஒரே மலாய்ச் சொல் கடல் சுற்றி ஆங்கிலத்தின் வழியாக ஒருமுறையும், பக்கத்து வீட்டிலிருந்து நேராக ஒருமுறையும் நம்மிடம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டாருக்குச் சுற்றி வந்தது மட்டும்தான் தெரியும்.

இப்போது பிள்ளைகள் கம்பம் என்பதை விட்டுக் கம்போங் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மலேசியத் தமிழ் வழக்குகளைத் தொகுப்பவர்கள் கம்பத்தை இந்தப் பொருளோடு இப்போதே பதிந்துவிட வேண்டும்.