தீவுகளில் வைரத் துளைப்பொறி

வங்கக் கடலின் கிழக்கே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளவை அந்தமான் நிக்கோபார் தீவுகள். படகுத்துறை, பாலம், பள்ளி, மருத்துவமனை, குடிநீர்த் தொட்டி ஆகிய யாவும் இங்குக் கான்கிரீட்டையே நம்பி நிற்கின்றன. ஆனால் கான்கிரீட்டுக்கு இத்தீவுகளைப்போல் கடுமையான இடம் நம் நாட்டில் அரிது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கடற்காற்று இடைவிடாமல் உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. இவற்றோடு நில அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

2002 செப்டம்பரில் திக்லிப்பூர்ப் பகுதியையும், 2004 டிசம்பர் 26 அன்று தீவுகள் முழுவதையும் நில அதிர்ச்சிகள் உலுக்கின. இரண்டாவது அதிர்ச்சியில், வடக்கு அந்தமானையும் நடு அந்தமானையும் இணைக்க ஈராண்டுகளுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த ஆஸ்டின் நீரிணைப் பாலத்தின் மேல்தளப் பகுதிகள் இடம் பெயர்ந்தன. பல படகுத்துறைகள் சிதைந்தன. சிதைந்தவற்றைக் கண்ணால் காணலாம். சிதையாமல் நிற்கின்றவற்றின் உள்நிலை என்ன என்பதே கடினமான வினா. அதற்கு விடை காண உதவும் கருவிகளுள் முதன்மையானது வைரத் துளைப்பொறி.

ஏன் துளையிட வேண்டும்?

கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் சோதனையும், கேளா ஒலியைச் செலுத்திப் பார்க்கும் சோதனையும் கட்டடத்திற்கு ஊறு செய்யாதவை. ஐயத்திற்குரிய இடம் எது என்பதை அவை சுட்டிக்காட்டும். எனினும் வலிமை இவ்வளவு என்று உறுதியாகக் கூற, கான்கிரீட்டிலிருந்தே ஓர் உருளையை வெட்டியெடுத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். இவ்வுருளையை வேலைத்தலத்தில் 'கோர்' என்றே அழைக்கின்றனர்.

வலிமையோடு வேறு பல செய்திகளையும் கோர் தருகிறது. சல்லி சீராகப் பரவியுள்ளதா, உள்ளே வெற்றிடங்கள் உண்டா, வெடிப்பு எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பவற்றைப் பார்த்த அளவிலேயே அறியலாம். புதிதாக உடைத்த பகுதியில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிகுந்துள்ள நல்ல பகுதி இளஞ்சிவப்பாகும். கரியமில வாயு புகுந்து காரத்தன்மையை இழந்த பகுதி நிறம் மாறாது. உள்ளிருக்கும் கம்பிக்குத் துருவிலிருந்து காப்பு இன்னும் எஞ்சியுள்ளதா என்பதை அறிய இது எளிய வழி.

இத்தீவுகளில் உப்பின் அளவை அறிவதும் இன்றியமையாதது. முற்காலக் கட்டடங்கள் பலவற்றில் கடற்கரை மணலே பயன்பட்டது. அம்மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் ஆணையிட்டது. அதற்கு முன் எழுந்த சுவர்களிலும் தூண்களிலும் கலந்துவிட்ட உப்பு இன்றும் அவற்றுள்ளேயே இருக்கிறது.

பொறியின் அமைப்பு

1860களில் சுவிஸ் பொறியாளர் ருடால்ஃப் லெஷோ பாறையைத் துளைக்க வைரம் பதித்த குழலை உருவாக்கினார். அடிப்படை முறை இன்றும் அதுவே. உள்ளீடற்ற எஃகுக் குழல் ஒன்றின் விளிம்பில், செயற்கை வைரத்துகள்களை உலோகப் பொடியோடு கலந்து செய்த பற்கள் பொருத்தப்பட்டிருக்கும். குழல் சுழலும்போது வைரம் கான்கிரீட்டை அராவுகிறது. வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் மெல்லத் தேய, புதிய வைரத்துகள்கள் வெளிப்படுகின்றன. நடுவில் வெட்டுப்படாமல் நிற்கும் உருளையே கோர்.

பொறியில் மின்மோட்டார், வேகத்தை மாற்றும் பற்சக்கரப் பெட்டி, மோட்டாரைத் தாங்கி மேலும் கீழும் நகர்த்தும் தூண், தூணை நிறுத்தும் அடித்தட்டு, நீர் செலுத்தும் இணைப்பு ஆகியவை அடங்கும். குழல் பெரிதாகப் பெரிதாகச் சுழற்சி வேகம் குறைய வேண்டும். 100 மி.மீ. விட்டமுள்ள குழல் நிமிடத்திற்கு 600 முறை சுழன்றால் அதன் விளிம்பு வினாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. அதே சுழற்சியில் 200 மி.மீ. குழலின் விளிம்பு அதைப்போல் இரு மடங்கு விரையும். எனவே குழலை மாற்றும்போதெல்லாம், பொறியின் தகட்டில் குறித்துள்ளபடி வேகத்தையும் மாற்றுதல் அவசியம்.

துளையிடும் முன்

துளையிடும் இடத்தைத் தீர்மானிப்பவர் கட்டமைப்புப் பொறியாளராக இருக்க வேண்டும். அவரது எழுத்து மூலமான ஒப்புதலின்றிப் பணி தொடங்கலாகாது. நில அதிர்வு மிகுந்த மண்டலத்தில் தூணின் அடியிலும் முடியிலும், உத்தரம் தூணோடு சேரும் இடத்திலும் ஒரு கம்பியை அறுத்தாலும் அடுத்த அதிர்ச்சியில் அது பெருங்கேடாக முடியக்கூடும். கம்பிகாணும் கருவியைக் கொண்டு மேற்பரப்பை ஆராய்ந்து, கம்பிகளின் போக்கைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அவற்றின் இடைவெளியில் துளையின் மையத்தைக் குறிக்க வேண்டும். முன்தகைவு கம்பிவடங்கள் உள்ள பாலத் தளங்களில் வரைபடம் கிடைக்கும் வரை துளையிடவே கூடாது. மின்கம்பி, குடிநீர்க் குழாய் ஆகியவை செல்லும் தடத்தையும் அறிந்து, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே தொடங்க வேண்டும்.

தளத்தை முழுவதும் ஊடுருவும் துளையானால் கீழே நிற்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 100 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் கொண்ட கோர் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ எடையுடையது, 150 மி.மீ. விட்டமானால் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். அது ஒரு மாடி உயரத்திலிருந்து வீழ்ந்தால் உயிரைப் பறிக்கப் போதுமானது. கீழ்ப்பகுதியைக் கயிறு கட்டித் தடுத்து, ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தி, கோரைத் தாங்கப் பலகை அமைக்க வேண்டும். படகுத்துறையில் கீழே படகுகள் ஒதுங்காதபடி பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

பொறியை நிறுத்துதல்

பணியின் பாதுகாப்பில் பெரும்பகுதி மோட்டாரை இயக்கும் முன்னரே முடிவாகிவிடுகிறது. சுழலும் குழல் கம்பியிலோ பெயர்ந்த சல்லியிலோ சிக்கினால், அதுவரை குழலைச் சுழற்றிய விசை அப்படியே பொறியைச் சுழற்ற முற்படும். தூண் உறுதியாக நின்றால் பொறியினுள் உள்ள வழுக்கு இணைப்பு நழுவி, தீங்கின்றி முடியும். தூண் ஆடினால் இயக்குபவரின் மணிக்கட்டு முறியலாம். ஏணிமேல் நிற்பவர் தூக்கி எறியப்படலாம்.

வழக்கமான முறை, கான்கிரீட்டில் சிறு துளையிட்டு விரியும் ஆங்கர் போல்ட்டைச் செலுத்தி அடித்தட்டை இறுக்குவது. பின்னர் நான்கு மூலைகளிலும் உள்ள திருகுகளால் மட்டம் பார்த்து, ஆட்டமில்லாமல் செய்வர். ஆனால் இங்கு மறந்துவிடக்கூடாத முரண் ஒன்று உண்டு. எந்தக் கான்கிரீட்டின் வலிமையை நாம் ஐயுறுகிறோமோ, அதே கான்கிரீட்தான் நம் பொறியையும் தாங்குகிறது. உப்பால் ஊதி, உள்ளே பிளவுபட்டுள்ள தளத்தில் ஆங்கர் போல்ட் பிடிப்பதுபோல் தோன்றி, விசை ஏறியதும் பெயர்ந்து வரலாம். ஆகவே போல்ட் செலுத்தும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் ஒலி எழுந்தால் இடத்தை மாற்ற வேண்டும். மாற்ற இடமில்லையெனில், தளத்தை ஊடுருவும் மரையுள்ள கம்பியை மறுபுறம் தகடு வைத்து இறுக்கலாம். அல்லது தூணின் உச்சியை மேல்தளத்தோடு முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். உறிஞ்சு விசையால் ஒட்டி நிற்கும் அடித்தட்டு, வழவழப்பான, வெடிப்பற்ற தரைக்கே ஏற்றது. சொரசொரப்பான பழைய கான்கிரீட்டில் அதை நம்பலாகாது. சுவரிலும் கூரையிலும் அதை மட்டுமே கொண்டு பொறியைத் தொங்கவிடுவது பேராபத்து.

உறுதியான நிறுத்தம் மனிதரைக் காப்பதோடு மாதிரியின் உண்மையையும் காக்கிறது. ஆடும் பொறி தரும் கோரின் பக்கங்கள் அலையலையாக இருக்கும். சில வேளை நடுவில் முறிந்தும் வரும். அத்தகைய கோர் ஆய்வகத்தில் தன் உண்மையான வலிமைக்கு முன்பே நொறுங்கும். நல்ல கட்டடம் ஒன்று பழுதானதென்று தவறாகத் தீர்ப்பளிக்கப்பட இது இடமளிக்கும்.

நீரும் மின்சாரமும்

பற்களைக் குளிர்விக்கவும், அராவிய தூளை வெளியேற்றவும், நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காத் தூசி எழாமல் தடுக்கவும் நீர் வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர் நகரம் குடிநீருக்குப் பெரிதும் தனிக்காரி அணையையே நம்பியிருக்கிறது. கோடையில் அங்கும் நீர் அரிது; சிறு தீவுகளில் இன்னும் அரிது. படகுத்துறையில் பணியாற்றுவோருக்குக் காலடியிலேயே கடல் இருக்க, வாளியை இறக்கி மொண்டுகொள்ளத் தோன்றுவது இயல்பு. அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. கடல்நீர் துளையின் உட்புறத்தில் உப்பைப் புகுத்தித் துருவுக்கு வழிவகுக்கும். உப்பை அளக்கும் சோதனையைப் பொய்யாக்கும். நன்னீரைவிட எளிதாக மின்சாரத்தையும் கடத்தும். நன்னீரைத் தொட்டியில் கொண்டுசென்று, வழிந்த நீரை வளையத்தால் சேகரித்து, தெளியவைத்து மீண்டும் பயன்படுத்துவதே முறை. நன்னீரும் கான்கிரீட்டின் உப்பை ஓரளவு கழுவிவிடும் என்பதால், உப்புச் சோதனைக்கான தூளை உலர்ந்த துளையிடுதலால் தனியே எடுப்பது நன்று.

நீரும் 230 வோல்ட் மின்சாரமும் ஒரே இடத்தில் சேரும் பணி இது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவி இல்லாமல் பொறியை இயக்கக் கூடாது. அதன் சோதனைப் பொத்தானை நாள்தோறும் அழுத்திப் பார்க்க வேண்டும். மின்வசதியற்ற இடங்களில் ஜெனரேட்டர் பயன்படும். அதன் நியூட்ரல் முறைப்படி நிலத்தோடு இணைக்கப்படாவிட்டால் இக்காப்புக் கருவி உண்மையான கசிவை உணராமலே போகலாம்; பொத்தான் வேலை செய்வது மட்டும் போதிய சான்றாகாது. தகுதி பெற்ற மின்பணியாளர் சரிபார்த்தல் வேண்டும். மேல்நோக்கித் துளையிடும்போது நீர் மோட்டாருக்குள் இறங்காதபடி நீர்சேர் வளையம் கட்டாயம். மழை தொடங்கினால் திறந்த வெளியில் பணியை நிறுத்திவிட வேண்டும்.

இயக்கும் முறை

தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, வழுக்காத காலணி ஆகியவற்றை அணிந்து, தொளதொளப்பான உடை, கழுத்துத் துண்டு, தளர்ந்த கையுறை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முதலில் நீரைத் திறந்து, பின் மோட்டாரை இயக்கி, குழல் முழு வேகம் பெற்றபின் மெல்ல இறக்க வேண்டும். பற்கள் தமக்கொரு வட்டப் பள்ளத்தை அமைத்துக்கொள்ளும் வரை அழுத்தம் மிகக் குறைவாக இருத்தல் நன்று.

அதன்பின் வெளியேறும் நீரே வழிகாட்டி. பால் கலந்த சாம்பல் நிறத்தில் தடையின்றி வழிந்தால் பணி செவ்வனே நடக்கிறது. கூழாகக் கெட்டியானால் நீர் போதவில்லை. குழல் முன்னேறாமல் நீர் தெளிந்து வந்தால் பற்கள் மழுங்கியிருக்கலாம். நீரில் உலோகத் துகள் மின்னி, முன்னேற்றமும் குறைந்தால் குழல் கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள்; உடனே நிறுத்திப் பொறியாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

குழல் சிக்கிக்கொண்டால் மோட்டாரை மீண்டும் மீண்டும் இயக்கி விடுவிக்க முயல்வது பெருந்தவறு. நிறுத்தி, செருகியைப் பிடுங்கி, ஸ்பேனரால் இருபுறமும் மெல்லத் திருப்பி விடுவிக்க வேண்டும். குழலை மாற்றும்போதும் செருகியைப் பிடுங்குவதே விதி.

மாதிரியும் துளையும்

கோரின் விட்டம், சல்லியின் பெரும அளவைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாதிருப்பதும், நீளம் விட்டத்தைப் போல் இரு மடங்காக இருப்பதும் விரும்பத்தக்கது. எடுத்தவுடனே உறுப்பின் எண், திசை, ஆழம், நாள் ஆகியவற்றைக் கோரிலேயே எழுத வேண்டும். எவ்விடத்தது என்று அறியாத கோர் வெறும் கல்லே. ஐயத்திற்குரிய புதுக் கான்கிரீட்டுக்கு, ஐ.எஸ். 456 (2000) குறைந்தது மூன்று கோர்களை வேண்டுகிறது. அவற்றின் சராசரி, குறிப்பிட்ட கனசதுர வலிமையில் 85 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். எதுவும் 75 சதவீதத்திற்குக் கீழே போகக் கூடாது. எம் 25 ரகக் கான்கிரீட்டுக்கு இவை முறையே சதுர மில்லிமீட்டருக்கு 21.25, 18.75 நியூட்டன் ஆகும்.

துளையைத் திறந்தபடி விட்டுச் செல்வது, உப்புக் காற்றுக்கு வாசல் திறந்து வைப்பதாகும். சுருங்காத, நீர் புகாத கலவையால் அதைத் தாமதமின்றி அடைக்க வேண்டும். சிமெண்ட்டுச் சேறு தோலை அரிக்கும் காரத்தன்மை உடையது. அதை அலையாத்திக் காடும் பவளப் பாறையும் உள்ள கடலில் வழிய விடாமல் சேகரித்து அகற்றுவது கடமை.

பயிற்சியே அரண்

அந்தமான் வேலைத்தலங்களில் வங்காளி, தமிழ், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி மொழிகளைப் பேசுவோர் தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். பொறியோடு வரும் ஆங்கிலக் கையேடு பெட்டியிலேயே தங்கிவிடுமாயின் பயனில்லை. பணி தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் பொறுப்பாளர் தொழிலாளருக்குப் புரியும் மொழியில், எங்கே துளையிடுகிறோம், ஏன் துளையிடுகிறோம், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை விளக்குதல் வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை கடைநிலை உதவியாளருக்கும் இருத்தல் வேண்டும்.

தீவில் பெருங்காயம் பட்டவரைப் பெரிய மருத்துவமனையில் சேர்க்கச் சில வேளை கடலைக் கடக்க வேண்டியிருக்கும். பழுதான பொறிக்கு உதிரிப் பாகம் வர நாள்கள் ஆகும். ஆகவே பெருநிலத்தில் நற்பழக்கமாகக் கருதப்படும் எச்சரிக்கை இங்கு இன்றியமையாத தேவையாகிறது. ஒரு பள்ளியின் தூண் அடுத்த அதிர்ச்சியைத் தாங்குமா என்று கூற வேண்டியது அந்தக் கோர். அதை முழுமையாகவும், எடுத்தவருக்கு ஊறின்றியும் வெளிக்கொணர்வதே இப்பணியின் வெற்றியாகும்.