உங்களுக்குத் தெரியுமா? மான்ட்ரியல் சீட்டுகள் சொன்ன சேதி

தலையில் பலத்த அடிபட்டுப் பிழைத்து வந்தவரைப் பற்றி வீட்டார் வேதனையோடு சொல்வது இது: "ஆளே மாறிட்டார், சொன்ன பேச்சைக் கேக்கிறதே இல்லை." அந்தப் பிடிவாதத்தை ஒரு கட்டுச் சீட்டைக்கொண்டு ஆராய்ந்தவர், மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தின் பிரெண்டா மில்னர்.

அவரது ஆய்வு வெளியான ஆண்டு 1963. சீட்டுகளில் முக்கோணம், நட்சத்திரம், கூட்டல் குறி, வட்டம் என நான்கு வடிவங்கள், நான்கு நிறங்கள். எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். 'சரி', 'தவறு' மட்டுமே பதில். முதலில் விதி, நிறம். தொடர்ந்து 10 முறை சரியாக வைத்ததும், சொல்லாமல் கொள்ளாமல் விதி வடிவத்துக்கு மாறிவிடும். வலிப்பு நோய்க்காக மூளையின் முன்மடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர், 'தவறு' என்று எத்தனை முறை கேட்டும் நிறத்தைப் பார்த்தே சீட்டை வைத்தார்கள். அறிவுக் கூர்மை மங்கிவிடவில்லை. பழகிய வழியை விட்டு அவர்களால் விலகத்தான் முடியவில்லை.

சாலை விபத்துகளில் அதிகம் சேதமாவதும் இதே முன்மடல்தான். மோதிய வேகத்தில் அது மண்டையோட்டின் கரடுமுரடான உட்தளத்தில் உரசிக் காயப்படுகிறது. ஆக, அடிபட்டவரைத் திட்டுவது பெரும் அநியாயம்.

மறுவாழ்வுப் பயிற்சியில் குடும்பத்தாருக்கும் பாடம் உண்டு: ஒரு நேரத்தில் ஒரே வேலை, மாற்றம் வருமுன்பே சொல்லிவைப்பது, குளியலறைச் சுவரில் 'பல் துலக்கு, குளி, சட்டை மாற்று' என்று வரிசையாக எழுதி ஒட்டுவது.