உடம்பைக் கேளுங்கள் – 9: மலையேறும் சைக்கிளும் மண்டையிடியும்

1968 அக்டோபர் 13. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்ஸிகோ நகரில் ஒலிம்பிக் 10,000 மீட்டர் ஓட்டம். அந்தத் தூரத்தின் உலக சாதனையாளரான ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்தார். கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்துத்தான் அவரை மீட்டார்கள். அதே ஒலிம்பிக்கில் வேறு சில வீரர்கள் ஓடி முடித்த கையோடு கண் மங்கி, தலை தெறித்து, வாந்தியெடுத்ததை மருத்துவர் எர்ன்ஸ்ட் யோக்ல் பதிவு செய்தார்.

உடற்பயிற்சி தலைவலியைக் கிளப்பும் என்பது ஹிப்போகிராட்டஸ் காலத்திலிருந்தே மருத்துவர்களுக்குத் தெரியும். தலைவலிகளின் இன்றைய சர்வதேச வகைப்பாட்டில் அதற்குத் தனி இடமே உண்டு. கடும் உழைப்பின்போதோ முடிந்ததுமோ தலை விண்விண்ணென்று தெறிக்கும். 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வெயிலிலும் உயரமான இடங்களிலும் அதிகம் வரும். தலையிலிருந்து இரத்தத்தைக் கீழே இறக்கும் சிரைகளில் அழுத்தம் ஏறுவது இதற்குக் காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம்.

சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இது அபூர்வமே அல்ல. நெதர்லாந்து மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் தங்களுக்கு இந்தத் தலைவலி வந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் சுட்டிய காரணங்கள் மூன்று: சக்திக்கு மீறிய மிதி, போதாத தண்ணீர், வெப்பம். மூன்றும் நம் கைக்குள் அடங்குபவை என்பதுதான் இதில் பெரிய ஆறுதல்.

கிளம்பியதுமே வேகமெடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தபடியே மிதிக்கும் அளவில் போய், பிறகு மெல்ல ஏற்றுவது நல்லது. ஏற்றத்தில் கனமான கியரை மாற்றாமல், பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிப்பவர்கள் பலர். பளு தூக்குபவருக்குத் தலைக்குள் அழுத்தம் எகிறுவதும் இப்படி மூச்சடக்கும்போதுதான். லேசான கியருக்கு இறங்கி, மூச்சை விட்டு மிதித்தால் வேகம் குறையும், தலை தப்பும். சித்திரை வெயிலில் ஓட்டுபவர்கள் விடியலிலேயே முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அளவு முக்கியம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். சோடியம் குறைந்தாலும் தலை வலிக்கும். அதற்கு மேலும் தண்ணீரை ஊற்றினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாப் பழியும் தலைக்குள்ளேயே இருப்பதில்லை. ரேஸ் சைக்கிளில் ஒருவர் குனிந்திருப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகு சாலைக்கு இணையாகக் கிடக்கிறது. கண் மட்டும் முன்னால் பார்க்க வேண்டியிருப்பதால் கழுத்து பின்பக்கம் மடங்கி நிற்கிறது. மண்டையோட்டின் அடியில், பிடரியில் இருக்கும் சின்னத் தசைகள் மணிக்கணக்கில் இறுகியே இருக்கின்றன. கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகத்து நரம்புகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்வதால், பிடரியில் பிறந்த வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரியும். இதற்கு மாத்திரை தேடுவதற்கு முன் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கலாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கலாம். இறுக்கிப் பிடிக்கும் ஹெல்மெட்டும் நீச்சல் கண்ணாடியும்கூடத் தலைவலி தரும். கழற்றியதும் வலி போனால் குற்றவாளி அதுதான்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால், பயிற்சிக்கு முன் போட்டுக்கொள்ள இண்டோமெத்தசின் போன்ற மருந்துகளை மருத்துவர் தரலாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் மருந்து அது. தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

மெக்ஸிகோ ஒலிம்பிக் நடந்த அதே 1968இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. இத்தகைய தலைவலியோடு வந்த 103 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 10 பேருக்குத் தலைக்குள் வேறு கோளாறு ஒளிந்திருந்தது தெரியவந்தது. ஆகவே முதன்முறையாக வரும் வலியை ‘வெயில்தான்’ என்று ஒதுக்கவே கூடாது. இடி விழுந்தாற்போல நொடியில் உச்சத்துக்குப் போனாலோ, கழுத்து விறைத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நினைவு தப்பினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூளையில் இரத்தக் கசிவு இருக்கலாம். நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ள ஒருவருக்கு, மாடிப்படி ஏறினால் தலை வலித்து, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றால், நெஞ்சு வலியே இல்லாவிட்டாலும் இதயத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் மறுபடி சைக்கிளில் ஏற வேண்டும்.