புகையிரதத் தாமதத்துக்குப் பொறுப்பாளி யார்?

கொழும்பு கோட்டையை நோக்கிக் காலை வேளையில் வரும் புகையிரதங்கள் தாமதமாவதும் முன்னறிவித்தலின்றி இரத்தாவதும் பயணிகளுக்குப் பழகிப்போன விடயங்களாகிவிட்டன. பேருவளையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் அவிசாவளையிலிருந்தும் தலைநகருக்குத் தொழிலுக்கு வருவோர், மாதத் தொடக்கத்திலேயே பருவகாலச் சீட்டுக்குப் பணம் செலுத்திவிடுகின்றனர். ஆனால், சேவை தவறும்போது பதில் சொல்ல எவரும் முன்வருவதில்லை. நிர்வாகம் தொழிற்சங்கங்களைச் சாடுகிறது. தொழிற்சங்கங்கள் நிர்வாகத்தைச் சாடுகின்றன. அமைச்சோ நிதிப் பற்றாக்குறையைக் காரணங்காட்டுகிறது.

ஒரு வண்டியின் தாமதம் அந்த வண்டியோடு முடிந்துவிடுவதில்லை. களனிவெளிப் பாதை ஒற்றைத் தண்டவாளத்தைக் கொண்டது. எதிரே வரும் வண்டி நிலையத்தை அடையும் வரை மற்றையது காத்துநிற்க வேண்டும். காலையில் ஓடிய அதே பெட்டித் தொடரே பின்னர் வேறொரு சேவைக்கும் பயன்படுத்தப்படுவதால், காலையில் ஏற்பட்ட தாமதம் மாலையில் வீடு திரும்புவோரையும் பாதிக்கின்றது. மாற்று எஞ்சினோ மாற்று ஊழியரோ தயார்நிலையில் இல்லாதபோது, சிறு பழுதுகூடச் சேவை இரத்தில் போய் முடிகிறது.

மாற்று ஏற்பாடு ஏன் இல்லை என்பதே இங்கு எழும் வினாவாகும். 1864 இல் அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடிய இச்சேவை, இன்றும் ஓர் அரசாங்கத் திணைக்களமே. கட்டணத்தை மாற்ற அமைச்சரவையின் அங்கீகாரம் வேண்டும். ஆட்சேர்ப்புக்குத் திறைசேரியின் இணக்கம் வேண்டும். எஞ்சின் வாங்குவதற்குப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனையே நம்பியிருக்க வேண்டும். அரசாங்க ஊழியரின் ஓய்வு வயது 60 ஆக வரையறுக்கப்பட்டதால் 2022 இன் முடிவில் அனுபவமிக்க பலர் ஒரேயடியாகச் சேவையிலிருந்து விலகினர். 2023 ஜனவரியில் பல வண்டிகள் இரத்தாகின. மாதக்கணக்கில் முன்னரே தெரிந்திருந்த இந்நிலைமைக்கு ஆயத்தம் செய்யாதது எஞ்சின் சாரதியின் குற்றமா, நிலைய அதிபரின் குற்றமா?

இதனால் தொழிற்சங்கங்களுக்குப் பொறுப்பில்லை என்றாகிவிடாது. 2023 செப்டெம்பரில் எஞ்சின் சாரதிகள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டபோது, ஓடிய சில வண்டிகளில் சனம் நிரம்பி வழிந்தது. கூரையில் பயணித்த இளைஞர் ஒருவர் ஹொரப்பே நிலையத்தில் உயிரிழந்தார். பதவியுயர்வு, ஆட்சேர்ப்புக் கோரிக்கைகள் நியாயமானவையாக இருக்கலாம். எனினும் அவற்றுக்கான விலையைச் செலுத்துபவர் அமைச்சரல்லர், சாதாரண பயணியே. மறுபுறம், அத்தியாவசிய சேவை என வர்த்தமானியில் பிரகடனம் செய்வதால் ஊழியரைக் கடமைக்கு அழைக்கலாமேயன்றி, பழுதடைந்த எஞ்சினை ஓடச்செய்ய முடியாது.

நிதி, ஆட்சேர்ப்பு, கட்டணம் ஆகிய மூன்றையும் தன் கையில் வைத்திருக்கும் அரசாங்கத்தையே இறுதிப் பொறுப்பு சாரும். அதேவேளை, பெருஞ்செலவின்றித் திணைக்களம் செய்யக்கூடியவையும் உள்ளன. ஒவ்வொரு பாதையிலும் எத்தனை சேவைகள் தாமதித்தன, அவற்றுக்குக் காரணம் எஞ்சின் பழுதா, சமிக்ஞைக் கோளாறா, ஆளணிக் குறைவா என்பதை மாதந்தோறும் பகிரங்கப்படுத்தலாம். தாமதம் பற்றிய அறிவித்தலை உரிய நேரத்தில், எல்லா நிலையங்களிலும் தமிழிலும் விடுக்கலாம். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாதலால் இது சலுகையன்று, உரிமையாகும்.

காரணம் பகிரங்கமானால் பழியை இன்னொருவர் மீது சுமத்துவது எளிதாக இராது. பயணியின் பணத்தை முற்கூட்டியே பெற்றுக்கொள்வோர், அவர் ஏன் காத்துநிற்கிறார் என்பதையேனும் அவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.