முதிர்ந்த கிளையிலிருந்து குறுமரம்: அரியாலை வளவுகளுக்கு ஏற்ற காற்றுப்பதி முறை

யாழ்ப்பாண நகருக்குத் தென்கிழக்கே, கண்டி வீதியின் இருமருங்கும் பரந்து கடனீரேரியைத் தொட்டுக் கிடக்கும் ஊர் அரியாலை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இடப்பெயர்விலும், மீண்டும் 2000 ஆம் ஆண்டுப் போரிலும் இவ்வூர் மக்கள் தம் வளவுகளை விட்டு நீங்க நேர்ந்தது. மனிதர் இல்லாத காலத்திலும் மரங்கள் வளர்ந்தன. கிணற்றுக் கட்டிலே இத்தியும், சுவர் வெடிப்பிலே ஆலும், பராமரிப்பற்ற முற்றத்திலே மாதுளையும் கடதாசிப்பூவும் முதிர்ந்து திரண்டன. வீடுகள் திருத்தப்படும்போதும் காணிகள் கைமாறும்போதும் இம்மரங்களே முதலில் வெட்டுண்ணுகின்றன. சுவரைப் பிளக்கும் ஆலை வெட்டாது விடுதல் இயலாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கோடரி வைக்குமுன் இரண்டு அல்லது மூன்று மாதத் தவணை கிடைக்குமாயின், அதே மரத்தை ஒரு சட்டியிலே காப்பாற்றிக் கொள்ளலாம். அதற்குரிய வழி காற்றுப்பதி வைத்தலாகும்.

குறுமரம் என்று நாம் கூறுவது, சீனத்திலே தோன்றி யப்பானிலே செம்மை பெற்று, பொன்சாய் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படும் தட்டு மரமாகும். விதையிலிருந்து தொடங்குவோர் அடிமரம் திரளப் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். விதைக்கன்று தாயின் குணத்தை முற்றாகக் கொண்டிருக்கும் என்பதும் உறுதியன்று. பதியிலே கிடைப்பது தாய்மரத்தின் ஒரு பகுதியே. பெருவிரற் பருமனும் முதிர்ந்த பட்டையும் அழகிய வளைவும் உடைய கிளையொன்று, வேரூன்றிய அன்றே பாதி வயதான குறுமரமாகிவிடுகிறது. காய்த்துப் பழகிய மாதுளையினதும் தேசியினதும் கிளைகள் சட்டியிலும் விரைவிற் பூத்துக் காய்க்கும்.

இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தோர் பிழை செய்யார். மரத்தின் உட்பாகமான காழ் வழியாக நீர் மேலேறுகிறது. பட்டையிலுள்ள உரியம் வழியாக இலைகள் சமைத்த உணவும், வேரைத் தூண்டும் ஓமோனும் கீழிறங்குகின்றன. பட்டையை மாத்திரம் வளையமாக நீக்கினால் நீரோட்டம் தடைப்படாது, கிளை வாடாது. கீழிறங்கும் உணவோ வெட்டின் மேல்விளிம்பிலே தேங்குகிறது. அவ்விடத்தில் ஈரமும் இருளும் காற்றும் கிடைப்பின் வேர் தோன்றும். பனை, தென்னை முதலிய மரங்களில் இவ்வாறான பட்டையும் அதன் கீழுள்ள மாறிழையமும் இல்லாமையால் அவற்றுக்கு இம்முறை இசையாது.

இம்முறை நமது நாட்டுக்குப் புதியதுமன்று. அசோக மன்னன் அரசமரக் கிளையிலே செந்நிறக் கோடு கீற, அவ்விடத்தில் வேர் தோன்றி, கிளை பொற்கலசத்து மண்ணில் ஊன்றியதாகவும், அக்கன்று யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரையிலே வந்திறங்கியதாகவும் மகாவம்சம் கூறும். அற்புதமென்று கொள்வார் அவ்வாறே கொள்க. பதி வைத்துப் பழகியவருக்கு அக்கோட்டின் பொருள் விளங்கும்.

கிளையைத் தெரிவதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. நோயுற்ற தாய்மரத்தை விலக்குக; தேசியிலே இலை மஞ்சளித்துக் கிளை நுனி காய்ந்து வரும் மரத்திற் பதி வைத்தால் நோயும் கூடவே வரும். சாதாரண கன்றுக்கு நேரான கிளை நன்று. குறுமரத்துக்கோ வளைந்ததும், அடியிற் பருத்து நுனியில் ஒடுங்கியதும், பல கவர் விட்டதுமான கிளையே வேண்டும். கவருக்குச் சற்றுக் கீழே வளையம் வெட்டினால், வேருக்கு மேல் உடனே இரு தண்டாகப் பிரியும் அழகிய மரம் கிடைக்கும். வளையத்தின் மேல்விளிம்பு எதிர்கால மரத்தின் நிலமட்டமாகும். ஆகவே மரம் எந்தச் சாய்விலே நிற்க வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்து, அதற்கேற்ப அவ்விளிம்பைச் சீராக வெட்டுக. கோணலாக வெட்டினால் வேர்கள் ஒரு பக்கமாகவே இறங்கும். பின்னர் அதைத் திருத்துவது கடினம்.

தொடங்குவோர் இத்தி, ஆல், மாதுளை, தேசி ஆகியவற்றில் ஒன்றைக் கொள்க. கடதாசிப்பூவும் வேர்விடும், ஆயினும் பொறுமை வேண்டும். புளியும் வேம்பும் மெத்தப் பிடிவாதமானவை. அவற்றைக் கைபழகிய பின் முயலலாம்.

கூரிய கத்தியைச் சாராயத் திரவத்தாலோ கொதிநீராலோ சுத்தம் செய்து, கிளையைச் சுற்றி இரண்டு வெட்டுக்கள் இடுக. பெருவிரற் பருமனுள்ள கிளையில் அவற்றுக்கிடையே ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். இன்னும் பருத்த கிளைக்கு அதன் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் விடுக. இடையிலுள்ள பட்டையை உரித்து நீக்கியபின், வெண்மரத்தின் மேல் வழுவழுப்பாக எஞ்சியிருக்கும் மாறிழையத்தைக் கத்தியின் முதுகாற் சுரண்டிவிட வேண்டும். பலர் இதனைக் கவனியாது விடுகின்றனர். சில கிழமைகளிற் பட்டை மீண்டும் கூடி, வேர் தோன்றாமற் போவதற்கு இதுவே பெருங்காரணம். ஆலிலும் இத்தியிலும் வடியும் பாலைக் கழுவித் துடைத்துச் சிறிது உலரவிடுக. இந்தோல் பியூட்டிரிக் அமிலம் சேர்ந்த வேர்த்தூள் கிடைப்பின் மேல்விளிம்பில் மாத்திரம் தடவுக.

பின்னர் ஈரமான தும்புச்சோற்றை வளையத்தைச் சுற்றி, மேல்விளிம்பு நன்கு மறையும்படி கைப்பிடியளவாகப் பொத்துக. பிழிந்தால் நீர் சொட்டாத ஈரமே போதும், மிகுந்தால் அழுகும். இங்கே அரியாலைக்கென ஓர் எச்சரிக்கை. தும்புச்சோற்றிலே உப்பு இருத்தல் கூடும். கடனீரேரியை அண்டிய கிணறுகளிலும் உவர் உண்டு. ஆகவே மழைநீரிலோ நன்னீரிலோ தும்புச்சோற்றை இருமுறை ஊறவைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். இளவேர் உவரைத் தாங்காது.

தெளிந்த பொலித்தீன் தாளால் உருண்டையைச் சுற்றி இருமுனையையும் இறுகக் கட்டி, அதன்மேற் கறுத்தத் துணியொன்றைச் சுற்றிவிடுக. துணி வெயிலையும் ஒளியையும் மறைப்பதுடன் காகம் கொத்தாமலும் காக்கும். முற்காலத்திலே சாக்குத் துண்டாற் கட்டி, மேலே துளையிட்ட முட்டி தொங்கவிட்டு நாள்தோறும் நீர் சொட்டச் செய்தனர். பொலித்தீன் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது.

காலம் நமது குடாநாட்டில் தெளிவானது. புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழையுடன் பதி வைத்தால், மாரியின் ஈரக்காற்றிலே இத்தி சுமார் 4 முதல் 6 கிழமைகளிலும், தேசியும் மாதுளையும் 6 முதல் 10 கிழமைகளிலும் வேர்விடும். தை மாதத்திற் பிரித்த கன்று, பங்குனி வெயிலுக்கு முன் தன்னைத் தேற்றிக்கொள்ளும். சித்திரையிற் கட்டிய பதிகள் பெரும்பாலும் காய்ந்து போகின்றன. காணியை விற்போர் மாரியில் மரத்தை வெட்டத் தீர்மானித்தால், தை வரை பொறுக்கும்படி வாங்குபவரிடம் கேட்டுப் பார்க்கலாம். வேறொருவர் வளவாயின் உடையவரின் சம்மதமின்றிக் கத்தி வைத்தல் ஆகாது.

துணியை அவிழ்த்துப் பார்க்கும்போது வெள்ளை வேர் கண்டவுடனே அவசரப்படற்க. வேர் கிளைத்து, உருண்டை நிறைந்து, மண்ணிறமாகத் தொடங்கிய பின்னரே கீழ்க்கட்டுக்குச் சற்றுக் கீழே வாளால் அறுக்க வேண்டும். இலைகளிற் பாதியை நீக்குக. தும்புச்சோற்றை வேரிலிருந்து உதிர்க்காது, பரும்படியான நன்மணலும் மக்கிய எருவும் ஓட்டுத் துண்டும் கலந்த ஆழமான சட்டியில் நட்டு, ஆடாதபடி கட்டி, ஒரு மாதம் நிழலில் வைக்க. கடற்கரை மணல் கூடாது. தட்டிலே வைக்கும் ஆசை இப்போதே எழும். ஓராண்டு பொறுத்தல் வேண்டும். பதிக்கன்றுக்கு ஆணிவேர் இல்லை. நிலத்தில் நட்டால் கார்த்திகைக் காற்றில் அது சாய்வதற்கு இஃதே காரணம்; ஆழமற்ற தட்டுக்கோ இது பேருதவி. அடுத்த தையில் கன்றைக் கிளப்பி, அடியில் எஞ்சிய கட்டையைக் குறைத்து, ஒரே மட்டத்திற் பரந்த வேர்களைத் தட்டிலே விரித்து நடலாம். தட்டின் அடியில் துளை அவசியம். கீழே நீர் தேங்கினால் நுளம்பு பெருகும்.

சுவரிலுள்ள ஆலிலும் இத்தியிலும் பதியைப் பிரித்தெடுத்த பின் அடிமரத்தைத் தளிர்க்க விடாது வேருடன் அகற்றிவிடுக. மாதுளையையும் தேசியையும் வெட்டவேண்டிய தேவை இல்லையாயின் அறுத்த இடத்துக்குக் கீழே புதுக்கிளை தளிர்க்கும். ஓராண்டில் ஒரு மரத்தில் இரண்டு கிளைகளுக்கு மேற் பதி வையாதிருப்பின் தாய்மரம் தளராது.